கலக்குவது சிறுவேலையா?

"இரசாயனத் தொழில்" என்றதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது என்ன? கண்ணாடிக் குழாயில் நிறம் மாறும் நீர். வெள்ளை அங்கி அணிந்த அறிஞர். கரும்பலகை நிறையச் சூத்திரங்கள். இவையெல்லாம் உண்மையே. ஆனால் அந்தத் தொழிலின் உயிர்நிலை வேறோரிடத்தில் இருக்கிறது. ஒரு தொட்டி, அதன் நடுவே தொங்கும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் சில இறக்கைகள், மேலே ஒரு மோட்டார். அதற்குக் கலக்கி என்று பெயர். அதன் வேலை கலக்குவது.

"பூ! இவ்வளவுதானா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. இரசாயனப் பொறியியல் பயிலும் என் வகுப்புத் தோழர்களே அப்படித்தான் கேட்கிறார்கள். தேர்வுக்கு முன்னிரவில் கடைசியாகப் புரட்டப்படும் அத்தியாயம் இது. திறமையாக ஒன்றைச் செய்தவனைக் "கலக்கிவிட்டான்" என்று பேச்சு வழக்கில் பாராட்டுகிறோம். உண்மையிலேயே கலக்குகிறவனை மட்டும் நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை!

கலக்குவதைச் சிறுவேலை என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பாடத்திலும் ஒதுக்கினோம், ஆலையிலும் ஒதுக்கினோம். அதனால் பொருள் பாழாகிறது. பொருள் மட்டும் பாழானால் பொறுத்துக் கொள்ளலாம், உயிரும் போகிறது. இதுவே நான் சொல்ல வந்தது. இரசாயனம் படிக்காத நண்பர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

மத்து சொல்லும் பாடம்

நம் வீட்டில் தயிர் கடைவதைப் பாருங்கள். மத்தில் கயிற்றைச் சுற்றி ஒரு கை இழுக்க, மறு கை விட, மத்து ஒருமுறை இப்பக்கமும் ஒருமுறை அப்பக்கமும் சுழல்கிறது. ஏன் ஒரே திசையில் சுற்றக்கூடாது? சுற்றினால் தயிர் முழுவதும் மத்தோடு சேர்ந்து ஒரே உருண்டையாகச் சுழலும், நடுவில் பள்ளம் விழும், ஆனால் கலங்காது. சுழல்வது வேறு, கலப்பது வேறு. திசையை மாற்றி மாற்றி இழுப்பதால்தான் தயிர் உடைகிறது, வெண்ணெய் திரள்கிறது.

தொழிற்சாலைத் தொட்டியிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றும். ஆகவே பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். தொட்டியின் உட்சுவரை ஒட்டி, மேலிருந்து கீழாக, நான்கு தடுப்புத் தகடுகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றின் அகலமும் தொட்டியின் விட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. சுழன்று வரும் திரவம் அந்தத் தகட்டில் மோதி, மேலும் கீழுமாகப் புரள்கிறது. நம் பாட்டியின் கை செய்ததை இந்த நான்கு தகடுகள் செய்கின்றன.

பொருளுக்குத் தக்க கருவி வேண்டும். தண்ணீர் போன்ற திரவங்களுக்குக் கப்பலின் விசிறி போன்ற புரொப்பெல்லர் போதும். திரவத்துக்குள் வாயுவைச் சிறு குமிழிகளாக நொறுக்க வேண்டுமானால், வட்டத் தகட்டின் விளிம்பில் ஆறு தட்டை இறக்கைகள் பொருத்திய டர்பைன் வேண்டும். ரஷ்டன் என்ற அமெரிக்கப் பொறியியல் அறிஞரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். அவரும் தோழர்களும் 1950-ஆம் ஆண்டு வெளியிட்ட அளவைகள் இன்றும் பாடநூல்களில் இருக்கின்றன. களிம்பு, பசை போன்ற கெட்டிப் பொருள்களுக்கு, சுவரை வழித்துக்கொண்டே சுற்றும் நங்கூர வடிவக் கலக்கி வேண்டும். கேசரி கிண்டும் கரண்டி அடியை வழிப்பதில்லையா, அது போல. ரப்பருக்கு என்றே 1916-இல் பான்பரி என்பவர் காப்புரிமை பெற்ற வலிய இயந்திரம் ஒன்று உண்டு.

பொடிகளின் கதை இன்னும் விந்தையானது. முறத்தில் அரிசியைப் போட்டுக் கொழித்தால் நொய் தனியே, அரிசி தனியே பிரிகிறது. அசைப்பு கலக்கவும் செய்யும், பிரிக்கவும் செய்யும். மருந்துத் தொழிற்சாலையில் ஒரு பீப்பாய் மாவுக்குள் ஒரு பிடி மருந்தைக் கலந்து மாத்திரை அடிக்கிறார்கள். கலப்பு சரியாக இல்லாவிடில் ஒரு மாத்திரையில் இருமடங்கு மருந்து, அடுத்ததில் ஒன்றுமே இல்லை. அளவுக்கு மேல் சுழற்றினாலும் கலந்தது மறுபடி பிரியக்கூடும். சித்த மருத்துவ ஏடுகள் கல்வத்தில் இத்தனை சாமம் அரைக்க வேண்டும் என்று கணக்குச் சொல்வதைப் பலர் நகைத்திருக்கிறார்கள். அரைக்கும் காலமும் மருந்தின் ஓர் அங்கமே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

பெனிசிலின் வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் பூஞ்சை காற்று இல்லாமல் வாழாது. முதலில் அதைச் சிறு பாத்திரங்களின் மேற்பரப்பில்தான் வளர்த்தார்கள். கிடைத்த மருந்து கொஞ்சமே. இரண்டாம் உலகப் போரின்போது, ஆழமான தொட்டிகளில் காற்றைச் செலுத்திக் கலக்கியால் நொறுக்கி வளர்க்கும் முறை வந்தது. அதன் பிறகே அந்த மருந்து மக்கள் மருந்தாயிற்று. அதே முறைத் தொட்டிகளோடுதான் 1954-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், நம் மும்பையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள பிம்பிரியில், நாட்டுக்குப் பெனிசிலின் தரலாயிற்று. பூஞ்சையைக் கண்டவரின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கலக்கியை அமைத்தவர்களை யார் அறிவார்?

ஒரு லிட்டரும் ஆயிரம் லிட்டரும்

ஆய்வுக்கூடத்தில் ஒரு லிட்டர்க் குடுவையில் வெற்றி பெற்ற ஒன்றை ஆலையில் ஆயிரம் லிட்டரில் செய்ய வேண்டும். என்ன கடினம்? எல்லாவற்றையும் ஆயிரத்தால் பெருக்கினால் ஆயிற்று என்று வணிகர் நினைக்கிறார். இயற்கை அந்தப் பெருக்கல் வாய்பாட்டுக்குக் கட்டுப்படுவதில்லை.

குடுவையின் நீள அகல உயரங்களைப் பத்து மடங்கு ஆக்கினால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு ஆகிறது. சுவரின் பரப்போ நூறு மடங்குதான் ஆகிறது. வெப்பம் பிறப்பது கொள்ளளவில். அது வெளியேறுவது சுவரின் வழியாக. ஆகவே ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் குளிர்ச்சுவர் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. குடுவையில் தானே ஆறிப்போன வினை, பெருந்தொட்டியில் கொதித்தெழுகிறது.

"அப்படியானால் வேகமாகக் கலக்குங்கள்" என்பீர்கள். அங்கேதான் அடுத்த தடை. தடுப்புத் தகடுள்ள தொட்டியில், கலக்கியின் வேகத்தை இருமடங்காக்கினால் அது கேட்கும் மின்சக்தி எட்டு மடங்கு. இறக்கையின் விட்டத்தை இருமடங்காக்கினால் முப்பத்திரண்டு மடங்கு! நம் ஒரு லிட்டர்க் குடுவையில் சுற்றிய அதே வேகத்தில் ஆயிரம் லிட்டர்த் தொட்டியிலும் சுற்ற வேண்டுமானால், இலட்சம் மடங்கு சக்தி வேண்டும். எந்த முதலாளி தருவார்? எந்தத் தண்டு தாங்கும்? ஆகவே பெரிய கலக்கி மெதுவாகவே சுழல்கிறது. லிட்டருக்கு ஒரே அளவு சக்தி கொடுத்தாலுங்கூட, பெருந்தொட்டி முழுதும் கலந்து முடியக் குடுவையைப் போல் ஏறத்தாழ நாலரை மடங்கு நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்குள் ஒரு மூலையில் அமிலம் தேங்கலாம். ஒரு மூலையில் சூடு ஏறலாம். வேண்டாத பொருள் விளையலாம்.

அமெரிக்க இரசாயனத் தொழிலில் மட்டும், 1989-ஆம் ஆண்டில், சரியாகக் கலக்காததால் ஏற்பட்ட இழப்பு நூறு கோடி டாலரிலிருந்து ஆயிரம் கோடி டாலர் வரை இருக்கும் என்று அத்துறை அறிஞர்கள் மதிப்பிட்டார்கள். சிறுவேலையின் விலை இது!

நின்றுபோன கலக்கி

பொருளிழப்பை விடுங்கள். கலக்கி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மிலான் நகருக்கு வடக்கே மேதா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை. களைக்கொல்லிக்கும் கிருமிநாசினிக்கும் வேண்டிய ஒரு மூலப்பொருளை அங்கே செய்தார்கள். 1976-ஆம் ஆண்டு ஜூலை 10, சனிக்கிழமை. வார விடுமுறைக்காக ஆலையை மூட வேண்டும். வேலை பாதியில் இருக்கும்போதே வெப்பமூட்டும் நீராவியை நிறுத்தினார்கள். சுமார் கால் மணி நேரம் கழித்துக் கலக்கியையும் நிறுத்தினார்கள். தொட்டியின் சூடு அப்போது 158 டிகிரி; அந்தச் சூட்டில் ஆபத்து இல்லை என்றே எல்லாரும் எண்ணினார்கள். வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பின்னர் ஆராய்ந்தவர்கள் தந்த விளக்கம் இது. அன்று வந்த நீராவி வழக்கத்தைவிட மிகச் சூடானது. ஆகவே திரவ மட்டத்துக்கு மேலிருந்த தொட்டிச் சுவர் பழுக்கக் காய்ந்திருந்தது. கலக்கி ஓடியவரை அந்தச் சூடு தொட்டி முழுவதும் பரவிக் கரைந்துபோயிற்று. கலக்கி நின்றதும், சுவரின் சூடு மேல்மட்டத்தில் இருந்த சிறிதளவு திரவத்தில் மட்டும் இறங்கிற்று. அந்த மெல்லிய ஏடு மட்டும் சூடேறிச் சூடேறி, அங்கே ஒரு வினை மெல்லத் தொடங்கி, பிறகு தொட்டி முழுவதையும் பற்றிக்கொண்டது. நண்பகல் 12 மணி 37 நிமிடத்துக்குக் காப்புத் தகடு வெடித்தது. டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு கலந்த புகை மண்டலம் பக்கத்து ஊராகிய செவேசோவின்மேல் படிந்தது. கோழிகளும் முயல்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. எழுநூறுக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ இருநூறு பேருக்கு, பெரும்பாலும் குழந்தைகளுக்கு, முகத்திலும் உடலிலும் கொப்புளங்கள் எழும்பின.

கலக்கி இன்னும் சில மணி நேரம் ஓடியிருந்தால்? அந்த ஏடு சூடேறியிராது. தொட்டி முழுதும் மெல்ல ஆறியிருக்கும். செவேசோ என்ற பெயரை நாம் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம். ஐரோப்பிய நாடுகள் 1982-இல் இரசாயன ஆபத்துகளைத் தடுக்க ஒரு பொது விதித் தொகுதி செய்து, அதற்கு அந்த ஊரின் பெயரையே சூட்டிக்கொண்டன.

இதற்கு மறுதலை நம் நாட்டிலேயே நடந்தது. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, போபாலில் சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் நீர் புகுந்தது. கலக்க வேண்டியதைக் கலக்காததால் செவேசோ. கலக்கக் கூடாதது கலந்ததால் போபால். எதை, எதனோடு, எப்போது, எவ்வளவு நேரம் கலப்பது என்பது எத்துணைப் பெரிய கேள்வி என்பதற்கு இவ்விரண்டு ஊர்களும் சாட்சி.

பாம்பின் தலைப்பக்கம்

பாற்கடல் கடைந்த கதை நம் எல்லார்க்கும் தெரியும். மந்தர மலை மத்து. வாசுகிப் பாம்பு கயிறு. பாம்பின் தலைப்பக்கம் நின்று இழுத்தவர்கள் அசுரர்கள். நஞ்சு மூச்சு அவர்கள்மேல் வீசிற்று. அமுதம் திரண்டபோதோ, அது வேறு பந்தியில் பரிமாறப்பட்டது! கதையை நம்புகிறோமோ இல்லையோ, இன்றைய ஆலையின் படம் அதில் இருக்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் இந்த மாநகருக்கு வெளியே ஒரு சிறு சாயப்பொருள் ஆலையில் ஒரு மாதம் பயிற்சி பெற்றேன். பெயர் வேண்டாம்; அந்த ஒன்றைமட்டும் குறை கூறுவது என் நோக்கமன்று. அங்கே ரியாக்டர் அருகில் நிற்கும் ஆப்பரேட்டர் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குக் கோடியிலிருந்து வந்தவர். ஐம்பது வயது இருக்கும். இன்னும் ஒப்பந்தக் கூலிதான். தொட்டிக்குள் சரக்கு கெட்டியாகிவிட்டதா என்பதைக் கியர்பாக்ஸின் ஓசையைக் கொண்டே சொல்லுவார். நான் மீட்டரைப் பார்த்து மின்னோட்டம் ஏறியிருப்பதைக் கண்டுபிடிப்பதற்குள், அவர் காது அதைக் கண்டுபிடித்திருக்கும்.

ஒருநாள் அவரிடம், "பாயி, அமிலம் சொட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், பத்து நிமிடம் கழித்து வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"இது என்ன கேள்வி? வந்த உடனே கலக்கியின் ஸ்விட்சைப் போடுவேன்" என்றார்.

நண்பர்களே, என் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. அடுப்படியில் அது சரியான விடை. அந்தத் தொட்டியில் அது மரணத்துக்கு அழைப்பு. கலக்கி நின்றிருந்த நேரத்தில் சொட்டிய அமிலம் வினை புரியாமல் தனி அடுக்காகத் தங்கியிருக்கும். திடீரென்று கலக்கினால் எல்லாம் ஒரே நொடியில் ஒன்றோடொன்று மோதும். பல மணி நேரத்தில் வெளிவர வேண்டிய வெப்பம் சில நிமிடங்களில் வெளிவரும். இப்படிப்பட்ட வினைகளில், நின்ற கலக்கியை மறுபடி ஓட்டுவதே பேராபத்து. முதலில் அமிலத்தை நிறுத்த வேண்டும். குளிர்நீர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பொறுப்பான பொறியாளரை அழைக்க வேண்டும். அவர் சொல்லாமல் ஸ்விட்சைத் தொடக்கூடாது.

இதெல்லாம் அந்த ஆலைக்குத் தெரியாதா? தெரியும். அழகாகத் தட்டச்சு செய்த அறிவுரைப் புத்தகம் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அலமாரியில் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது! மேலாளரிடம் சொன்னேன், "சொல்கிறோம்" என்றார். நான் கிளம்பிய நாள்வரை சொல்லவில்லை. ஆகவே நானே எனக்குத் தெரிந்த இந்தியில் ஒரு காகிதத்தில் எழுதி அந்த ஆப்பரேட்டரிடம் கொடுத்தேன். அவர் அதை இருமுறை படித்தார். "இருபது வருஷமாக இதை யாரும் சொன்னதில்லை" என்றார்.

போபாலுக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தான் கையாளும் பொருளின் தீமையை அறியும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று எழுதினார்கள். சட்டப் புத்தகத்தில் ஏறிய உரிமை, ரியாக்டர் மேடையின் படியில் ஏற இன்னும் எத்தனை ஆண்டு ஆகுமோ!

சிவகாசியில் கலக்கும் கைகள்

வடநாட்டு ஆலையைப் பேசிவிட்டு நம் வீட்டு முற்றத்தை மறைத்தால் அது நேர்மை ஆகாது. விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசுத் தொழில் பல இலட்சம் வாய்களுக்குச் சோறு போடுகிறது. அலுமினியப் பொடி, கந்தகம், பொட்டாசியம் நைட்ரேட்டு ஆகியவற்றைக் கலந்தால்தான் பட்டாசு மருந்து. மருந்து கலப்பதுதான் அத்தொழிலில் எல்லாவற்றினும் கொடிய வேலை. அதைப் பல இடங்களில் இன்றும் மனிதக் கைதான் செய்கிறது.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மேலும் ஒரு பெருவெடிப்பு, அதிலும் பலர். இடையிலும் பின்னும் நடந்த சிறு வெடிப்புகள் பல. எல்லா விபத்துக்கும் காரணம் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆனால் செய்தித்தாளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொற்றொடரைக் கவனியுங்கள்: மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு. இந்த நான்கு சொற்களைப் படித்துப் படித்து நமக்கு மரத்துப்போய்விட்டது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் காப்பியை ஆற்றுகிறோம்.

தமிழ்நாட்டில் அறிவுக்கும் பொறிக்கும் பஞ்சமா? 1950-களில் கோயம்புத்தூர்க்காரர்கள் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார்கள். நம் தாய்மார்களின் தோள்வலி அன்றோடு குறைந்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் இன்று புவிசார் குறியீடு பெற்று நிற்கிறது. மாட்டுங்காவில் நாம் உண்ணும் இட்லிக்கும் அந்த வகை இயந்திரம்தான் மாவரைக்கிறது. இட்லி மாவு ஆட்டும் கைக்கு ஓய்வு தந்த அறிவு, வெடிமருந்து கலக்கும் கைக்கு ஓய்வு தர வேண்டாமா? மாவில் கை வைத்தால் வலிக்கும், அவ்வளவே. மருந்தில் கை வைத்தால் கையே இராது.

சிலர் மறுப்புச் சொல்வார்கள். "இயந்திரம் வந்தால் வேலை போகும்" என்பார்கள். பட்டாசுத் தொழிலில் பெரும்பாலோர் செய்வது திரி வைப்பதும், குழாய் சுற்றுவதும், அடுக்கிக் கட்டுவதும். கலப்பவர் மிகச் சிலர். அந்தச் சிலரின் உயிரைக் காப்பதால் மற்றவர் வேலை போகாது. "இயந்திரமும் தீப்பொறி எழுப்புமே" என்பார்கள். இது நியாயமான மறுப்பு. எந்த இயந்திரத்தையும் கொண்டுபோய் வைத்துவிட முடியாது. உராய்வு குறைந்த கலன் வேண்டும். நிலைமின்சாரம் தேங்காமல் மண்ணுக்கு இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கலன் ஒரு சுவருக்கு அப்பாலும் மனிதர் இப்பாலும் இருக்க வேண்டும். வெடித்தாலும் வெடிக்கட்டும், இரும்பு போகட்டும், மனிதன் இருக்கட்டும். "சிறு முதலாளி எங்கே போவான் பணத்துக்கு?" என்பார்கள். தனித்தனியாக முடியாததை, பத்து ஆலைகள் சேர்ந்து பொதுக் கலவைக் கூடமாக அமைக்கலாம். பால் வணிகத்தில் கூட்டுறவு கண்ட நாட்டுக்கு இது புதிதன்று.

நம்மால் இயலாதா?

நாம் பயிலும் இந்த நகரமே அதற்கு விடை. தமிழர் பல தலைமுறையாக வாழும் மாட்டுங்காவில், 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கிய இரசாயனத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே ஜோஷி, பண்டிட், சர்மா ஆகிய மூவர் 1982-இல் வாயுவையும் திரவத்தையும் கலக்கும் கலன்களைப் பற்றி எழுதிய விரிவான ஆய்வுரையை, இத்துறையில் உழைக்கும் வெளிநாட்டாரும் எடுத்துப் படிக்கிறார்கள். அமிலம் அரிக்காத கண்ணாடிப் பூச்சுக் கலன்களைக் குஜராத்தின் கரம்சதில் செய்கிறார்கள். அறிவு இருக்கிறது, தொழில் இருக்கிறது. இல்லாதது ஒன்றே: கலக்கியின் அருகில் நிற்கும் மனிதனைப் பற்றிய கவலை.

அந்தக் கவலை மாணவரிடம் தொடங்கட்டும் என்கிறேன். பெரிய திட்டம் எதுவும் சொல்லப் போவதில்லை. நம் சங்கத்தால் இந்த ஆண்டே செய்ய முடிந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

இரசாயனப் பொறியியல் தோழர்களே! பயிற்சிக்குப் போகும் ஆலையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கலக்கி இப்போது நின்றால் என்ன ஆகும்? நின்றது யாருக்கு எப்படித் தெரியும்? மறுபடி ஓட்டலாமா, கூடாதா என்று முடிவு செய்பவர் யார்? மூன்றுக்கும் விடை இல்லாத ஆலையில் உங்கள் அறிக்கையின் முதற்பக்கத்தில் அதையே எழுதுங்கள்.

மின்பொறியியல் தோழர்களே! மோட்டார் சுழல்வதைக் காட்டும் விளக்கு போதாது. தண்டின் இணைப்பு முறிந்தால் மோட்டார் சுழலும், இறக்கை சுழலாது. விளக்கோ பச்சையாகவே எரியும். மின்னோட்டம் திடீரென விழுந்தால் மணி அடிக்கவும், உடனே அமிலக் குழாய் தானாக மூடிக்கொள்ளவும் வழி செய்யுங்கள். இவை புதுக் கண்டுபிடிப்புகள் அல்ல. பெரிய ஆலைகளில் உள்ளவையே. சிறு ஆலை வாங்கக்கூடிய விலையில் செய்து காட்டுவதே உங்கள் பணி.

இலக்கியம் பயிலும் நண்பர்களே! உங்களுக்கும் வேலை உண்டு. நூறு பக்க ஆங்கில அறிவுரையை, ஆப்பரேட்டர் நின்ற இடத்திலேயே படிக்கக்கூடிய பத்து வரியாக எழுதுவது எளிதன்று. அதற்கு மொழி அறிந்தவர் வேண்டும். சிவகாசிக்குத் தமிழில் எழுதுங்கள். இங்குள்ள தாராப்பூருக்கும் டோம்பிவிலிக்கும், மராத்தியும் இந்தியும் அறிந்த நம் நண்பர்களோடு சேர்ந்து எழுதுங்கள். டோம்பிவிலியில் 2016 மே மாதத்திலும் 2024 மே மாதத்திலும் இரசாயன ஆலைகள் வெடித்து உயிர்கள் பல போயின. அங்கே உழைப்பவர்கள் நமக்கு அயலார் அல்லர்.

சட்டம் பயிலும் நண்பர்கள், தொழிலாளிக்கு எதை அறிய உரிமை உண்டு, எங்கே முறையிட வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதித் தரட்டும். இவையனைத்தையும் சேர்த்து ஒரு சிறு வெளியீடாக நம் சங்கம் கொண்டுவரட்டும். ஆண்டு விழாவுக்குச் செலவிடுவதில் கொஞ்சத்தை ஒதுக்கினால் அச்சுக்கூலிக்குப் போதும்.

கலக்குவது சிறுவேலையா என்று கேட்டேன். அது சிறுவேலை என்றால் செவேசோவின் குழந்தைகளுக்கு விடை சொல்லுங்கள். முதலிப்பட்டியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு விடை சொல்லுங்கள். சிறுவேலை அன்று என்றால், அதைச் செய்பவரும் சிறியர் அல்லர். அவர் பெயரை அறிவோம். அவர் மொழியில் அவரோடு பேசுவோம். அவர் கையைக் காப்போம். பட்டம் வாங்கிய பிறகு செய்யலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். பூட்டிய அலமாரிகளின் சாவி நம்மிடந்தான் இருக்கிறது.